தட்டில் ஒரு நிலா

பெர்மெத்துக்கு,

நீயும் மகளும் நலமா? மாடு கன்று ஈன்றுவிட்டதா? கவனமில்லாமல் நானே விழுந்தேன் என்று உன் அண்ணன் சொன்னதை நம்பாதே. சாரம் கட்டத் தெரியாத ஆளிடம் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவன் அவன்தான். விழுந்ததில் கால் முறிந்தது. அல்மாட்டி மருத்துவமனையில் எலும்பில் வைத்த தகட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. காலை எடுக்க நேரலாம் என்றார்கள், அதனால்தான் எழுதவில்லை.

போன வாரம் டாக்டர் சவுலே ஒரு கண்ணாடித் தட்டோடு வந்தார். என் சீழிலிருந்து வளர்த்த கிருமி அதில் பாலாடைபோலப் படர்ந்திருந்தது. நடுநடுவே மருந்தில் தோய்த்த காகிதப் பொட்டுகள்.

"பாத்தீங்களா வாத்தியாரே, இத்தனை மருந்தையும் தின்னுட்டு ஏப்பம் விடுது. ஊர்ல தும்மினாலே ஊசியா?"

"கடையில நாங்களே வாங்குவோம். பக்கத்து வீட்டு அயிம்கான் போட்டுவிடுவா."

"உயிரியல் பாடம் நல்லாத்தான் நடத்திருக்கீங்க."

பிறகு ஓரத்துப் பொட்டைக் காட்டினார். அதைச் சுற்றி மட்டும், நிலா கோட்டை கட்டியதுபோல, தெளிந்த வட்டம். ஒரு கிருமியும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. தலைமையாசிரியர் தன் மருமகனுக்கு வேலை கொடுக்க என்னைப் பள்ளியிலிருந்து வெளியேற்றும்வரை, இதைப் படமாகவே கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை. அந்த ஒரு மருந்துதான் இப்போது ஏறுகிறது. காய்ச்சல் விட்டது, சீழும் வற்றுகிறது.

மகளுக்கு இருமல் என்றாயே, அயிம்கானை ஊசியோடு வீட்டுக்குள் விடாதே. காய்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் அனுப்பு. நீ பின்னிய கம்பளிக் காலுறையும் வேண்டும். கட்டு மாற்ற வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

காலுறை இரண்டையும் அனுப்பு.

ஷைலோபெக்