ஓடும் வண்டியின் நம்பர்

இன்று காலை மன்னார்புரத்தில் கேமரா போடப் போன இடத்தில் வீட்டுக்காரர், "ஒரு மாசப் பதிவு நிக்கணுங்க. பிட்ரேட்டைக் கொறைச்சு விடுங்க" என்றார். மவுஸைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

புத்தூர் மருந்துக்கடையில் இதே வார்த்தைக்கு நான் தலையாட்டியபோது நீ ஏணிமேல் நின்று கேமராவை முடுக்கிக்கொண்டிருந்தாய். நாம் இருவரும் கூட்டாகக் கேமரா கடை போட்ட முதல் வருடம் அது. "வேணாம்டா. நிக்கிற சுவரு பளிச்சுனுதான் தெரியும். ஓடுற வண்டியிலதான் குட்டு உடையும்" என்றாய். ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் இடம்தான் பிட்ரேட். அதைக் குறைத்தால் படம் நசுங்கும். ஆனால் அதே ஹார்ட் டிஸ்க்கில் கூடுதல் நாள் பதிவாகும். கடைக்காரர் கேட்டது நாள்தான். குறைத்தேன். திரையில் சாலை நன்றாகவே தெரிந்தது. "பாத்தியா, என்ன கெட்டுப்போச்சு?" என்று சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜில் கேமரா போடக் கிளம்பிய உன்னை அந்த மருந்துக்கடை வாசலிலேயே ஒரு வேன் அடித்துத் தள்ளிவிட்டு, நிற்காமல் போனது. பட்டப்பகல். நான் ஓடி வந்தபோது நீ உயிரோடு இல்லை.

கடைக் கேமராவின் பதிவைப் போலீசுக்கு நான்தான் போட்டுக் காட்டினேன். கடைப் பலகையில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. வேன் வந்ததும் எல்லாம் கலங்கியது. நம்பர் பிளேட் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். கீழே விழுந்த உனக்கு முகமே இல்லை. "யாருங்க இந்தக் கேமராவைப் போட்டது?" என்றார் இன்ஸ்பெக்டர். "நாந்தாங்க" என்றேன்.

உன் மனைவிதான் அழுகைக்கு நடுவே சொன்னாள்: "உறையூர் சேலைக்கடைல அவரு போட்ட கேமரா இருக்கேண்ணே. வேன் அந்தப் பக்கந்தானே போச்சு?" ஓடினோம். நீ பிட்ரேட்டைக் குறைக்க மறுத்து, அந்த முதலாளியோடு மல்லுக்கு நின்ற கேமரா. வேகமாகப் போன வேனின் நம்பர் கடைசி எண்வரை தெரிந்தது. சாயங்காலமே டிரைவரைப் பிடித்துவிட்டார்கள். உன்னைக் கொன்றவனை நீயே காட்டிக்கொடுத்தாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மனைவியிடம் போய், "மருந்துக்கடைல கொறைச்சது நாந்தாம்மா" என்றேன்.

"தெரியுண்ணே. அன்னிக்கே வீட்டுக்கு வந்து புலம்புனாரு" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது யார் கேட்டாலும் பிட்ரேட்டைக் குறைப்பதில்லை. எந்த வாசலில் கேமரா போட்டாலும், நானே வண்டியை வேகமாக ஓட்டிக் கடந்து போகிறேன். திரும்பி வந்து படத்தை நிறுத்தி, வீட்டுக்காரரையே நம்பரை வாசிக்கச் சொல்கிறேன். அவர் வாசித்து முடிக்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.