படத்தில் இருக்கும் உத்தரியம்

மரியே வாழ்க.

காரைக்குடி,
அக்டோபர் 1996.

அன்புள்ள மினா அக்காவுக்கு,

தங்கை ரீனா எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எப்போதும் அடுத்த வரியை எழுதுவேன். இன்றைக்கு அந்த வரி வரவில்லை, அக்கா.

வெளியே நல்ல மழை. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. நெற்குப்பைப் பக்கம் லைன் அறுந்துவிட்டதென்று கரண்ட் ஆபீஸ் ஜீப் வந்து அப்பாவைக் கூட்டிப்போய்விட்டது. அம்மா தூங்குகிறாள். நான் அடுப்படியில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கரண்ட் வந்துவிட்டால் அப்பாவும் வந்துவிடுவார். அதற்குள் முடிக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துக் கோபப்படாதே.

இதை உனக்குச் சொல்ல மாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான் எழுதுகிறேன். ஜூலையில் நீ பக்கத்து வீட்டுச் சீதை ஆச்சி வீட்டுக்குப் போன் பண்ணினபோது, அம்மா மானகிரிச் சித்தி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அம்மா அப்போது மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மார்பில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அது புற்றுநோய்க் கட்டிதான்.

பயப்படாதே. நல்ல நேரத்தில் பார்த்துவிட்டோம் என்றுதான் டாக்டர் சொன்னார். புண் ஆறிய பிறகு ரேடியேஷன் கதிர் வைக்க வேண்டும், அதையும் முடித்துவிட்டால் நம்பிக்கையாக இருக்கலாம் என்றார். தள்ளிப்போடக் கூடாது என்று அவர் இரண்டு தடவை சொன்னதை நானே கேட்டேன். ஆனால் அம்மா போக மாட்டேன் என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் ஏன் மறைத்தோம் என்று நீ கேட்பாய். உன் சோதனைக்கு நவம்பரில் பீம், அதாவது கதிர்க்கற்றை ஓட்டும் நேரம், கொடுத்திருக்கிறார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த ஒரு வாரம், அப்போது நீ இல்லாவிட்டால் அந்த நேரம் வேறு குழுவுக்குப் போய்விடும் என்று அப்பாவுக்கு எழுதியிருந்தாய் அல்லவா? அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். "அவ டாக்டர் பட்டம் வாங்குனதுக்கு அப்பறமும் ரெண்டு வருசம் அங்குட்டுக் கெடந்து கஷ்டப்படுறது இந்த ஒரு வாரத்துக்குத்தான். ஒரு வார்த்த சொன்னாலும் மறுநாளே பிளேன் ஏறிருவா. யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை கதிர் வைப்பதற்கு அளவு எடுக்க மதுரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா அம்மாவோடு நானும் போனேன். மெஷின் ஓட்டுகிறவர் பெயர் பெரியகருப்பன், தங்கமான மனுஷர். கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது, நெஞ்சில் மையால் கோடு போட வேண்டும், அந்தக் கயிற்றைக் கழற்றி மகளிடம் கொடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். மாதா படம் தைத்த அந்தச் சின்னத் துணிச் சதுரத்தை, உத்தரியத்தை, அம்மா கழற்றுகிறவளா? சின்ன வயதில் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கின நாளிலிருந்து அது அவள் கழுத்தில் இருக்கிறது. நைந்துபோனால்கூடப் புதியதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் பழையதை எடுப்பாள். ஆபரேஷன் அன்றைக்கும் நர்ஸம்மாவிடம் கெஞ்சி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனாள். ஆனாலும் அன்றைக்கு என்ன நினைத்தாளோ, சரியென்று கயிற்றில் கையை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அவர் சட்டையைப் பார்த்தாள். நெஞ்சில் சின்னதாய் ஒரு சதுரம். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தம்பி, நீங்களும் நம்ம வேதமா? எம் பெரிய மகளும் சீமையில இதே மாதிரிதான் வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போறா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "நான் ஐயனாரு கும்புடுற ஆளும்மா. இது பேட்ஜு. கதிரு எங்க மேல எம்புட்டுப் பட்டிருக்குன்னு மாசாமாசம் இத வச்சுத்தான் பாப்பாக" என்றார்.

அக்கா, நீ அனுப்பிய போட்டோவை நினைத்துப் பார். அந்தப் பெரிய உருண்டைக் கருவிக்குப் பக்கத்தில் நீ நிற்கிற படம். உன் நெஞ்சில் இருப்பது உத்தரியம் என்று அம்மா கோயிலில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்படுகிறாள் என்று நான் எழுதினேன். அது ஃபிலிம் பேட்ஜ், அம்மாவிடம் சொல்லாதே, சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீ பதில் எழுதினாய். நாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்ட விஷயம். அதை அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அம்மா கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை. ஒரு கயிற்றுக்காகவா இத்தனை அடம் என்று பஸ்ஸில் அப்பா சத்தம் போட்டார். கயிறு காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்துதான் அம்மா வாயைத் திறந்தாள். "என்னய உள்ள படுக்க வச்சிட்டு அவுக எல்லாம் வெளிய போயி இம்புட்டுத் தண்டிக் கதவச் சாத்திக்கிருவாகளாம். அம்புட்டுப் பயம் அதுக்கு. அதுக்குள்ளயா எம்புள்ள தெனமும் நிக்கிறா? அவளுக்கு எழுதுங்க. அந்த வேலைய விட்டுட்டு வரட்டும், அப்பறம் நான் மதுரைக்கி வாரேன்" என்றாள். அப்பா, தானும் இத்தனை வருஷம் கரண்டில்தான் வேலை பார்க்கிறேன், என்ன ஆகிவிட்டது என்று கேட்டார். "நீங்க லைன ஆஃப் பண்ணிட்டுத்தான் போஸ்ட்ல ஏறுவீக. அவ மெஷின ஆஃப் பண்ணிட்டு என்னத்தப் பாப்பா?" என்றாள் அம்மா.

ஒன்றைக் கவனித்தாயா, அக்கா? அந்தக் கதவுக்குள்ளே படுக்கப்போவது அம்மா. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பயந்து பேசவில்லை.

எனக்குப் பதில் தெரியும். பீம் ஓடும்போது உள்ளே ஒரு ஈ காக்காய்கூட இருக்க முடியாது, யாராவது கதவைத் திறந்தாலே எல்லாம் தானாக நின்றுவிடும், நீங்கள் எல்லோரும் கனத்த கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையைத்தான் பார்ப்பீர்கள் என்று நீதானே எழுதினாய்? அணுக்கரு ஒன்றோடொன்று மோதி, அதிர்ந்து, பிறகு அடங்கும்போது விடுகிற கதிரைத்தான் கருவி பிடிக்கும் என்றும் எழுதினாய். நான் அம்மாவிடம் சொன்னேன். "பத்தாப்புப் படிக்கிற கழுத, ஒனக்கென்னடி தெரியும்?" என்றுவிட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. எங்கள் அறிவியல் புத்தகத்தில் ரேடியத்தைக் கண்டுபிடித்த அம்மையார் அந்தக் கதிராலேயே எப்படிச் செத்துப்போனார் என்று போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை அம்மா பார்க்காதபடி ஒட்டிவைத்திருக்கிறேன். உனக்கு ஒன்றும் ஆகாதே, அக்கா?

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீதை ஆச்சி வீட்டுக்குப் போன் பண்ணு. நோயைப் பற்றி உனக்கு எதுவும் தெரியாது. சும்மா பேசுவதுபோல உன் வேலையைப் பற்றிப் பேசு. நீ கதவுக்கு வெளியே நிற்கிறவள் என்று சொல். உன் பேட்ஜில் மாசாமாசம் என்ன வருகிறது என்று சொல். உங்கள் கருவி சூடாகாமல் இருக்க ராத்திரி பகலாகத் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும் என்று நீ சொன்னதிலிருந்து, அம்மா அதைக் கன்றுக்குட்டி என்றுதானே சொல்வாள்? "ஒங் கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டிட்டியாடி?" என்று அவள் கேட்டால், எப்போதும்போலச் சிரி. நீ சிரித்தால் நம்பிவிடுவாள்.

அக்கா, மேலே இருப்பதை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போனேன். நிமிர்ந்தால் கதவு நிலையில் அம்மா நிற்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. பேப்பரைத் தாவணிக்குள் மறைத்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மறைக்காத. என்ன எழுதுனேன்னு நான் கேக்கல. இம்புட்டு அழுகயோட எழுத அவள விட்டா ஒனக்கு வேற ஆரு இருக்கா?" என்றாள்.

அப்புறம் மெழுகுவத்தியிலிருந்து வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். "அவ இங்க விட்டுட்டுப் போன உத்தரியம் ஒம் பொஸ்தகப் பையில கெடக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அங்குட்டுப் போயி புதுசு வாங்கிப் போட்டுருக்கான்னுல்ல படத்தப் பாத்து நெனச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அக்கா. லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. அதுவரை நாம்தான் அவளைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கையைத் தூக்கித் தன் உத்தரியத்தைத் தலை வழியாகக் கழற்றினாள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை இன்னும் முழுக்கத் தூக்க வராது. நான் உதவப் போனேன், வேண்டாமென்றாள். அதை உதட்டில் வைத்து முத்தி செய்து என் கையில் கொடுத்தாள். "இத உள்ள வச்சு அனுப்பு. அந்தப் பேட்ஜக் கழட்டச் சொல்லல, அது அவ வேல. அதுக்கு மேல இது கெடக்கட்டும். படத்துல பொய்யா இருந்தது இனிமே நெசமா இருக்கட்டும்" என்றாள்.

நீ என்ன போட்டுக்கொள்வாய், அம்மா என்று கேட்டேன். என் பையில் இருக்கும் உன்னுடையதை எடுத்துத் தரட்டுமா என்றும் கேட்டேன். "இப்ப வேண்டாம். கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு அந்தத் தம்பி சொல்லுச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கயிறு கிடந்த இடம் அவள் கழுத்தில் வெள்ளைக் கோடாய்த் தெரிந்தது.

கரண்ட் வந்துவிட்டது, அக்கா. ஜீப் சத்தமும் கேட்கிறது.

உத்தரியத்தை இந்தக் காகிதத்திலேயே மடித்து வைக்கிறேன். இன்னும் சூடு இருக்கிறது. உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. அம்மா இனி மதுரைக்குப் போவாள் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அந்தக் கதவைச் சாத்தும்போது உன் குரல் அவள் காதில் இருக்க வேண்டும். அடுத்த போட்டோவுக்கு நிற்கும்போது இரண்டும் தெரிகிற மாதிரி நில்.

உன் பீம் நல்லபடியாகக் கிடைக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். அது முடிந்த பிறகு நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதக் கூடாது. அப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்தில் அந்த ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்கிறேன்.

மாதா உன்னையும் அம்மாவையும் ஒரே முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் தங்கை,
ரீனா