பிள்ளையின் துணிக்கூடை

முள்ளிக்குளம்
1927 மாசி 18

என் அன்புள்ள அத்தானுக்கு,

மாதா உங்களைக் காத்துக்கொள்ள வேண்டி அன்ரோனெற் எழுதுவது. கடிதம் பிந்தியதற்குக் கோபிக்காதேங்கோ. நடந்ததை நினைத்தாலே அருவருப்பாய் இருந்ததால் பேனையை எடுக்கவில்லை. எங்கட பிள்ளை கிறேஸ் சுகம். காய்ச்சல் இல்லை, ஆனாலும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடிதான் எழுதுகிறேன்.

உங்கள் கொழும்புக் கந்தோர் வெள்ளைக்காரத் துரையையும் அவர் பெண்சாதி துரைசாணியையும் குதிரைமலை முனைக்குக் கூட்டிப்போனோம். உங்கள் தம்பி எட்வேட் வழிகாட்டி, நான் துரைசாணிக்கு மொழிபெயர்க்க. பால்குடிப் பிள்ளையோடு வள்ளத்தில் ஏறமாட்டேன் என்றேன். அண்ணனை மன்னாருக்கு மாற்றுவது துரையின் கையிலை இருக்கு, வாங்கோ மச்சாள் என்று எட்வேட் கெஞ்சினான்.

முனை வடிவுதான். செம்மண் குன்று நேரே கடலுக்குள் இறங்குகிறது. ஆனால் எட்வேட் பார்க்க விட்டால்தானே? வாய்க்கு வந்ததெல்லாம் சரித்திரம். துரை அங்குள்ள சின்னப் புத்த கோயிலுக்குள் சப்பாத்தோடு போய், சுருட்டுச் சாம்பலைப் பூத்தட்டில் தட்டினார். காய்ச்சலில் படுத்திருந்த பிக்கு எழும்பி வந்து, பிள்ளையைக் கிடத்தத் தன் பாயை விரித்துத் தந்தார். இவர் குளிக்கிறவரோ என்று கேள் என்றா துரைசாணி, மூக்கைப் பொத்திக்கொண்டு. நான் கேட்கவில்லை.

திரும்பும்போது எட்வேட் பிள்ளையின் துணிக்கூடையைத் தானே தூக்கி வந்தான். என்றுமில்லாத கரிசனை! முனையைத் தாண்டும்போது எங்கட ஆட்கள் வள்ளத்தின் பாயை இறக்கி அந்தக் கோயிலுக்கு மரியாதை செய்வது உங்களுக்குத் தெரியும். மாதாவைக் கும்பிடும் வேதக்காரரானாலும் வள்ளக்காரப் பேதுரு அண்ணை அதை விடமாட்டார். நேரம் போகுது, நேரே விடுங்கோ என்று எட்வேட் பதறினான். உன்ரை கொப்பரும் இறக்கின பாய்தான், பொத்தடா வாயை என்று பேதுரு அண்ணை இறக்கிவிட்டார். வள்ளம் ஆட, கூடை சரிந்தது. பிள்ளையின் மூத்திரத் துணிகளுக்குள்ளிருந்து கல் புத்தரின் தலை ஒன்று உருண்டு வந்தது. கோயில் பூத்தட்டுக்குப் பின்னால் இருந்த சின்னச் சிலையின் தலை. கழுத்தில் உடைத்த இடம் புதிதாய் வெள்ளையாய் இருந்தது.

துரை சிரித்தார். தாய்மாரின் கூடையை எவரும் சோதிக்கமாட்டார்களாம், எட்வேட் கெட்டிக்காரனாம். தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன், அத்தான். என் பிள்ளையின் துணியா கிடைத்தது இவர்களின் களவுக்கு? துரை கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அப்படியானால் உன் புருஷன் கொழும்பிலேயே கிழவனாவான் என்றார். ஆகட்டும் என்று அவருடைய இங்கிலீசிலேயே சொன்னேன்.

அன்றிலிருந்து வாடைக்காற்று. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. எட்வேட் இரண்டு தரம் வந்து வாசலில் நின்று தலையைத் தரச்சொல்லி இரந்தான். நாளை காற்று அடங்குமாம். பேதுரு அண்ணையோடு நானே கொண்டுபோய் அந்தப் பிக்குவின் கையில் கொடுப்பேன். இக்கடிதம் உங்களைச் சேருமுன் அது முடிந்திருக்கும்.

கிறேஸ் தவழத் தொடங்கிவிட்டாள். நீங்கள் வரும்போது உங்களை ஆரென்று தெரியாமல் அழப்போகிறாள் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அழுதால் நான் தேற்றுவேன். துரை உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். என் பேரில் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிடாதேங்கோ.

உங்கள் வரவுக்காகத் தினமும் செபிக்கும்,
அன்ரோனெற்