உன் சக்கரங்களைக் கழற்றச் சொன்னார்கள்

என் அன்புத் தங்கச்சி, அண்ணனை அதட்டவே பிறந்த பூங்கொடிக்கு,

சேர்வராயன் மலை சாட்சியாக, ஏற்காட்டு ஏரி சாட்சியாக, யாருமே நம்ப முடியாத ஒரு கதையை இப்போது சொல்லப் போகிறேன். நீயும் நம்பாதே. நீ உயிரோடு இருந்தபோதே நான் சொன்ன எதை நம்பினாய்?

உன் மகள் தேன்மொழி தன் ரோபோவோடு சேலத்துப் போட்டிக்குப் போனாள், துணைக்கு நானும். நாங்கள் மலையிறங்குவதைப் பார்த்துக் கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் மரியாதையாக நிமிர்ந்து நேர்சாலையாகிவிட்டன.

நீ ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன் அவளுக்கு வரவழைத்துக் கொடுத்தாயே, விளிம்பு முழுக்கச் சாய்வாகச் சின்னச் சின்ன உருளைகள் பதித்த மெக்கானம் சக்கரங்கள், அவற்றைத்தான் மாட்டியிருந்தாள். சக்கரத்துக்கு ஒரு மோட்டார். சக்கரங்களை ஒன்றுக்கொன்று திசை மாற்றிச் சுற்றினால் வண்டி திரும்பாமலே நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். அது ஓடி நீ பார்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒத்திகையெல்லாம் நான் மேற்பார்க்கிற எஸ்டேட் காபிக் களத்தில். நம் மலையில் அத்தனை பெரிய சிமெண்ட் தரைக்கு வேறெங்கே போவது? அங்கே வண்டி நூல் பிடித்தாற்போல ஓடியது. அந்த அழகைப் பார்த்துக் காய்ந்துகொண்டிருந்த கொட்டை தானாகவே வறுபட்டு, கரடியூர் வரை மணந்தது.

சேலத்து மண்டபத்தில், போட்டிக்கு முந்தைய சோதனை ஓட்டத்துக்கு இறக்கிவிட்டால், பக்கவாட்டில் போகச் சொன்ன வண்டி கோணிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் முட்டியது.

அணிகளுக்கு வழிகாட்ட வந்திருந்த சார் சிரித்தார். "ஏம்மா, இந்த ஆடம்பரமெல்லாம் உங்களுக்கு எதுக்கு? கழட்டிப் போட்டுட்டு சாதா சக்கரத்தை மாட்டு. முன்னால பின்னால ஓடினாப் போதும்."

"கழட்ட மாட்டனுங்க சார்."

"அப்ப தோத்துப் போவீங்க."

"தோத்துக்கறமுங்க. சக்கரம் இருக்கட்டுங்க."

அவள் சொன்ன வேகத்தில் மண்டபத்தின் கூரை பறந்து மாரமங்கலத்தில் விழுந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நம்ம களத்துல மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுமுங்க?"

"கெழக்கால, கண்ணு. தண்ணி நிக்கக் கூடாதுன்னு சாய்ச்சுத்தான கட்டியிருக்குது."

"அட போங்க மாமா! இத்தனை நாளா சொல்றதுக்கென்னங்க?"

"நீ வண்டியப் பத்திக் கேட்ட. தண்ணியப் பத்தியா கேட்ட?"

விஷயம் இதுதான். களத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சறுக்குவது வண்டியின் கோளாறென்று நினைத்து, எதிர்ப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போகும்படி புரோகிராமில் எழுதியிருந்தாள். பேட்டரியையும் அந்தப் பக்கமாகவே நகர்த்தியிருந்தாள். சாய்விலேயே பிறந்து சாய்விலேயே நடக்கிற நமக்கு அது சாய்வென்று தோன்றுமா? மட்டமான தரையில் அந்தத் திருத்தமே வினையாகிவிட்டது. நீ இருக்கிற இடத்தில் தரை எப்படி, மட்டமா?

அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து திருத்தத்தை அழித்தாள். பேட்டரி நடுவுக்கு வந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் துண்டுக் காகிதம் செருகி இழுத்துப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் காகிதம் சுலபமாக வந்துவிட்டது. அந்தச் சக்கரம் தரையில் சரியாகப் பதியவில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி, நான்கும் ஒன்றுபோல அழுத்தும்படி மறுபடி முடுக்கினாள். வண்டி எந்தப் பக்கம் பார்க்கிறதென்று சொல்ல ஒரு ஜைரோ சென்சார் உண்டு. முகம் திரும்பினால் அதைக் கேட்டு வண்டியே நிமிர்ந்துகொள்ளும்படி எழுதினாள்.

சார் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கழட்டியாச்சா?"

"களத்தைக் கழட்டிட்டனுங்க சார்."

பிறகு வண்டி போனது பார்! பக்கவாட்டிலேயே மண்டபத்தைத் தாண்டி, குப்பனூர் வழியாக மலையேறி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, கோப்பையைக் கவ்விக்கொண்டு திரும்பியது.

சரி, முறைக்காதே. கோப்பை வேறு ஊருக்குப் போனது. அதனால் என்ன, போகட்டும்! அடுத்த போட்டிக்கும் இதே சக்கரங்கள்தான். கழற்றச் சொல்லி எவன் வந்தாலும், முதலில் என்னைக் கழற்றிப் போட்டுவிட்டு வரட்டும். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

கூரை பறந்ததெல்லாம் பொய்தான். ஆனால் ஒன்று மட்டும் நிஜம், பூங்கொடி: உன் சக்கரங்கள் அந்தச் சுவரோரமாகவே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போயின, எங்கேயும் உரசவில்லை.

உன்னிடம் ஒரு சண்டையிலும் ஜெயிக்காத
உன் அண்ணன்