விலை அட்டையில் இல்லாத வேலை

அபிராமபுரம், சென்னை-18
6.2.2024, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய தேவானை அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். நான் யார் என்பது உங்களுக்கு முக்கியமில்லை. உங்கள் கணவர் கதிரேசனின் வலது கை உடைந்த கட்டடத்தில் குடியிருப்பவன். அது உடைந்தபோது மீட்டர் அறைக்குள் நின்றவர்களில் ஒருவன்.

உங்கள் கணவரால் பேனா பிடிக்க முடியாததால், வருகிற திங்கட்கிழமை உங்களைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுயம்புலிங்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னார். இருபத்தைந்தாயிரம் ரூபாயை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, 'வேலையின்போது ஏணியிலிருந்து தவறி விழுந்தார், யார் மீதும் புகார் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கப் போகிறார்களாம். "நோட்டுக் கட்டைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுடுவா, கவலைப்படாதீங்க" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஏன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், எலக்ட்ரீஷியன்கள் வீட்டுக்கு வீடு ஒரு விலை கேட்கிறார்கள் என்று புகார் வந்தது. எந்த வேலைக்கு என்ன கொடுக்கலாம் என்று ஒரு அட்டை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. புள்ளியியல் படித்தவன், அதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவன், அதனால் என்னிடம் வந்தது. மயிலாப்பூரில் ஒருவர், தி. நகரில் ஒருவர், அடையாற்றில் ஒருவர் என்று மூன்று பேரைத் தொலைபேசியில் விசாரித்தேன். மயிலாப்பூர்க்காரர் மின்விசிறி மாட்ட நூற்றைம்பது கேட்டார், ஆனால் வந்து பார்ப்பதற்கே நானூறு. அடையாற்றுக்காரர் வந்து பார்க்க இருநூறுதான், விசிறிக்கு முந்நூற்றைம்பது. தி. நகர்க்காரர் ஒரு ஸ்விட்ச் மாற்ற அறுபது என்றார், சாமான்களை அவர் கடையிலேயே வாங்கினால். ஒவ்வொருவரும் ஓர் இடத்தில் விட்டதை வேறோர் இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒவ்வொரு வரிசையிலும் குறைந்த எண்ணை மட்டும் எடுத்தேன். வந்து பார்க்க இருநூறு, விசிறிக்கு நூற்றைம்பது, ஸ்விட்சுக்கு அறுபது. அந்த விலையில் வேலை செய்யும் மனிதன் சென்னையில் எங்கும் இல்லை. அந்த அட்டையை லேமினேட் செய்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினோம். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி போடும் வேலைக்கு அதில் வரிசையே இல்லை. கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு வந்தவர்கள் ஒரு முறை வந்து அட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உங்கள் கணவர் மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "சில்லறை வேலைல கட்டாது சார். ஆனா வருசம் பூரா கூப்புட்டுக்கினே இருக்கீங்கோ, ஏதோ ஓடுது" என்றார். வந்து பார்ப்பதற்கு எதற்குக் காசு என்று சுயம்புலிங்கம் அவரிடம் ஒரு தடவை வம்பு செய்தபோது, "கோட்டூர்புரத்து ஆத்தோரம் இருந்தப்போ நடந்தே வந்தேன், காசு கேக்கல. குடிசைய பேத்தெடுத்து எங்கள பெரும்பாக்கத்துல போட்டுட்டாங்கோ. ரெண்டு பஸ்ஸு சார், பஸ்ஸுக்காரன் உங்க அட்டைய பாப்பானா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நவம்பர் மழையில் எங்கள் குழாய்களில் ஷாக் அடிக்கத் தொடங்கியது. முதலில் லேசாக. பிறகு சுயம்புலிங்கத்தின் மருமகள் குளியலறையில் தூக்கி எறியப்பட்டு நெற்றி கிழிந்தாள். கதிரேசன் வந்து அரை நாள் பார்த்துவிட்டு, கட்டடத்துக்கு எர்த்தே இல்லை என்றார். பழைய கம்பி மண்ணுக்குள் துருப்பிடித்து அறுந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. புதுக் குழி தோண்ட வேண்டும், மின் கசிந்தால் தானாக நிறுத்தும் கருவி ஒன்று போட வேண்டும், பதினைந்தாயிரம் வரை ஆகும் என்று மறுநாள் காலை செயலாளருக்குப் போன் செய்தார். நான் அப்போது சுயம்புலிங்கத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டேன். "செய்யுங்க கதிரேசன், மருமக பயந்து கெடக்கா. காசு பாத்துக்கலாம்" என்றார் சுயம்புலிங்கம். அது நவம்பர் 14, காலை பத்தேகால் மணி வாக்கில். இதை எங்கு வேண்டுமானாலும் சத்தியமாகச் சொல்வேன் என்று எழுத ஆசைதான்.

இரண்டு நாள் மழைச்சேற்றில் நின்று குழி தோண்டினார். மூன்றாம் நாள் மதியம் மெயினை நிறுத்திவிட்டு மீட்டர் பலகையில் கடைசிக் கம்பியை முறுக்கினார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. "சார், கொஞ்சம் லைட்டு புடிங்க" என்றார். என் போன் வெளிச்சத்தை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை முடிந்ததும் பில்லை நீட்டினார். பதினான்காயிரத்து அறுநூறு. வாசலில் சுயம்புலிங்கமும் அவர் மகன் ஹரியும் நின்றிருந்தார்கள். அட்டையில் இருக்கும் வரிசைகளைக் கூட்டினால் இரண்டாயிரத்து நூறுதான் வரும் என்றார் சுயம்புலிங்கம். போனில் தான் சம்மதிக்கவே இல்லை என்றார். உங்கள் கணவர் என்னைப் பார்த்தார். நான் மீட்டர் பலகையைப் பார்த்தேன்.

அப்போது அவர் அட்டையைப் பற்றி ஒன்று சொன்னார். "இத எழுதுன புண்ணியவான் யார் சார்? மூணு பேர்கிட்ட அளவெடுத்து ஒருத்தனுக்குச் சட்ட தச்சா மாறி கீது. எந்த மனுசன் போடுவான் இத?"

சிரித்தபடிதான் சொன்னார். அதை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. என் முகத்தில் ரத்தம் ஏறியது. அதுவரை அவர் பக்கம் பேசலாமா என்று ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது, அது அந்த நொடியில் நின்றுவிட்டது.

ஹரி, "குழி நோண்டுறதுக்குப் பதினாலாயிரமா? எவன ஏமாத்துற?" என்றான். "ஏமாத்துறவன் போடாமயே போட்டேன்னு சொல்லிட்டுப் போயிருப்பான் தம்பி, உன் பொஞ்சாதிதான் மறுபடி உயுந்திருக்கும்" என்றார் உங்கள் கணவர். மனைவியைச் சொன்னதும் ஹரி பாய்ந்தான். எர்த் குழிக்கு வாங்கி மிஞ்சிய இரும்புக் குழாய்த் துண்டு சுவரோரம் கிடந்தது. முதல் அடி முதுகில். குப்புற விழுந்தார். சுயம்புலிங்கம் ஓடிவந்து மகனைத் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் உங்கள் கணவரின் தோளில் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டு, "தலையில வேண்டாம், கையில போடு" என்றார். பில்லை ஓரமாக வைக்கச் சொல்வதுபோல அவ்வளவு நிதானமாகச் சொன்னார். ஹரி வலது மணிக்கட்டைக் குறிவைத்து மூன்று முறை போட்டான். அதில் இரண்டாவது அடியில் எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. மூன்றாவது விரல்களின் மேல் விழுந்தது. உங்கள் கணவர் அலறவில்லை. "வேணாம் தம்பி, கை, கை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெயின் இன்னும் போடப்படவில்லை. அறை இருட்டு. ஹரிக்குக் குறி தெரிந்தது என்றால், நான் போன் வெளிச்சத்தை விலக்காமல் பிடித்திருந்ததால் தெரிந்தது. இருபது நொடி இருக்கும். வெளிச்சத்தை அணைத்திருக்கலாம், போனைக் கீழே போட்டிருக்கலாம். செய்யவில்லை. ஆறு வருடமாக என் கார் நிற்கும் இடத்தில் தன் காரை நிறுத்திக்கொண்டு என்னை அலையவிடும் சுயம்புலிங்கத்தின் மண்டையை உடைப்பதாக நான் எத்தனையோ பகல் நினைத்து நினைத்து மகிழ்ந்திருக்கிறேன். அன்று வேறொருவர் எலும்பு உடைந்தது. அம்மா, அது எனக்குப் பிடித்திருந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்வது அயோக்கியத்தனம்.

தடுத்தது ஒரே ஒரு ஆள். கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்த ஜமீலுன்னிசா. துணி தைத்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு ஓடிவந்து ஹரியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அடப்பாவி, அந்தக் கையாலதானடா அவன் சோறு துன்றான். என்னைப் போடு, போட்றா பாக்கலாம்" என்று நடுவில் நின்றார். சுயம்புலிங்கத்தைப் பார்த்து, "முட்டிய எடு பெரியவரே, நீ கும்புட்ற சாமிக்குக் கண்ணு இல்லியா?" என்றார். அப்புறம்தான் முழங்கால் எழுந்தது. தன் துப்பட்டாவால் கையைக் கட்டி ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் அவர்தான். அவர்கள் போன பிறகு ஹரி ஏணியை எடுத்து வந்து மீட்டர் அறையில் சாய்த்துப் போட்டான்.

அன்று மாலை காவல் நிலையத்தில் கொடுக்கச் சாட்சிக் கடிதம் ஒன்று தயாரானது. கதிரேசன் ஏணியிலிருந்து தவறி விழுந்ததை நேரில் கண்டோம் என்று. அதை எழுதியவன் நான். நல்ல தமிழில், பிழையில்லாமல், சந்தேகம் வராதபடி எழுதினேன். பதினொரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டோம். ஜமீலுன்னிசா போடவில்லை. "பாத்ததப் பாக்கலன்னு எப்புடி சார் எழுதிக் குடுக்குறது? படிச்சவங்க உங்களுக்கு வருது, எனக்கு வரல" என்றார். அடுத்த மாதமே வீட்டுக்காரர் அவரைக் காலி செய்ய வைத்தார். மறுநாள் காலை நான் கீழே இறங்கியபோது என் இடம் காலியாக இருந்தது. சுயம்புலிங்கம் ஒரு வார்த்தை பேசாமல் காரை எடுத்து வேறிடத்தில் நிறுத்தியிருந்தார். நானும் பேசாமல் என் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். எனக்குக் கிடைத்த கூலி அதுதான்.

டிசம்பரில் நீங்கள் மருத்துவமனைச் சீட்டுகளோடு எங்கள் கேட்டில் வந்து நின்றது எனக்குத் தெரியும். பால்கனியில் இருந்தேன். "என் வூட்டுக்காரரு இருவது வருசமா கம்பம் ஏறிக்கினு கீறாரு. ஏணிலேர்ந்து உயுந்தாருன்னா நாய்கூட நம்பாது" என்று காவலாளியிடம் சொன்னீர்கள். அவர் உங்களை உள்ளே விடவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகு தூக்கம் கெட்டு, ஒரு வேலை செய்தேன். மயிலாப்பூர், அடையாறு, தி. நகர், கோட்டூர்புரம் என்று நான்கு எலக்ட்ரீஷியன்களுக்குப் போன் செய்து, பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்துக்குப் புது எர்த்தும் அந்தக் கருவியும் போட என்ன ஆகும் என்று கேட்டேன். இந்த முறை முழு வேலைக்கும் சேர்த்துக் கேட்டேன். குறைந்தவர் பதினேழாயிரம் சொன்னார். அதிகமாகச் சொன்னவர் இருபத்து மூன்றாயிரத்து ஐந்நூறு. ஒருவர், "பதினஞ்சுக்குள்ள எவனாச்சும் செஞ்சா அவன் கைக்காசு போட்டுச் செய்றான்னு அர்த்தம் சார்" என்றார். உங்கள் கணவர் எங்களுக்குக் குறைத்துத்தான் போட்டிருந்தார். அந்தக் கம்பி இன்றும் எங்கள் குழாய்களைக் காத்துக்கொண்டிருக்கிறது. ஹரியின் மனைவி பயமில்லாமல் குளிக்கிறாள். அதற்கு இதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்கப்படவில்லை.

இத்துடன் உங்கள் கணவர் எழுதிய பில்லை வைத்திருக்கிறேன். மீட்டர் அறைத் தரையிலிருந்து அன்றே எடுத்து வைத்தேன், ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. ஓரத்தில் இருப்பது அவருடைய ரத்தம்தான். கீழே அவர் கையெழுத்தில், செயலாளரிடம் போனில் சம்மதம் வாங்கிய தேதியும் நேரமும் இருக்கிறது. அவர் போனில் அந்த அழைப்பும் பதிவாகியிருக்கும், அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தனித் தாளில் ஜமீலுன்னிசாவின் இப்போதைய முகவரி எழுதியிருக்கிறேன். ஐஸ் ஹவுஸ் பக்கம் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைப் போய்ப் பாருங்கள். அவர் கையெழுத்துப் போடாதவர், யாரிடமும் எதையும் வாங்காதவர். அவர் வந்து நின்றால் எங்கள் பதினொரு கையெழுத்தும் நிற்காது. ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். கட்டைக் காட்டினால் எண்ணக்கூட வாங்காதீர்கள்.

நீங்களே வந்து சொல்லுங்களேன் என்று கேட்பீர்கள். சுயம்புலிங்கத்தின் மேல் நான் கொடுத்த மனுக்கள் மட்டும் ஏழு. கார் இடத்துக்காக வஞ்சம் தீர்க்கிறான் என்று அவர்கள் வக்கீல் அவற்றை எடுத்து விரிப்பார். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. இது சொல்லிக்கொள்ளும்படியான காரணம். இன்னொன்றும் உண்டு. ஹரி என் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் இருக்கிறான். அவன் கை எப்படி இறங்கும் என்பதைப் பக்கத்தில் நின்று, வெளிச்சத்தில் பார்த்தவன் நான்.

மருத்துவர் என்ன சொன்னாலும் விரல்களை வெந்நீரில் வைத்துத் தினமும் மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிடி திரும்ப வேண்டும். அவர் மறுபடி ஒரு திருகாணியை முறுக்க வேண்டும். உங்கள் வீட்டில் விளக்கு எரிய வேண்டும். இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

எழுதி முடித்ததும் கீழே பெயரைப் போட்டேன். கதவு எண்ணையும் எழுதினேன். ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த ஓரத்தைக் கிழித்தெடுத்துவிட்டேன். தாள் கீழே குறைந்திருப்பதற்கு அதுதான் காரணம், வேறெதுவும் விட்டுப்போகவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. இப்படியே கொண்டுபோய் அதில் போடுகிறேன்.