முதலாவதாக வந்தவள்

ஞாயிறு, 9 பிப்ரவரி 2003

கோபம் இன்னும் அடங்கவில்லை. அகதிகளுக்கு வக்கீல் வைக்கப் பணம் திரட்டத்தான் இன்று ஆம்பூரில் ஓட்டப்பந்தயம் நடந்தது. நர்ஸுகள் நாங்களும் ஓடினோம். அகதி முகாமிலிருந்து ஜெயந்தி வந்திருந்தாள். அவள் கணவனைப் போலீஸ் விசாரணைக்கென்று கூட்டிப்போய் எட்டு மாதமாகிறது. அந்த வழக்குக்கும் இந்தப் பணம்தான். ஊரெல்லாம் ஷூ தைக்கிற ஆம்பூரில் வெறுங்காலில் ஓடி முதலாவதாக வந்தாள். நான் இரண்டாவது.

மேடையில் முதல் பரிசுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். விழாத் தலைவரிடம் போய், "சார், ஜெயந்திதானே ஃபர்ஸ்ட்?" என்றேன்.

"கேம்ப் ஆளு பேரு பேப்பர்ல வந்தா நமக்குத்தாம்மா பேஜாரு. நீயே வாங்கிக்க" என்றார்.

மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டேன். அவரைத் திட்டுவதா, என்னைத் திட்டிக்கொள்வதா?

கீழே இறங்கி அவளிடம் கோப்பையை நீட்டினேன். அவள் தொடவில்லை.

"எனக்கு இது வேண்டாம் அக்கா. வக்கீல் எப்ப வாறார் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

அதைக்கூட நான் யாரிடமும் கேட்டுவைத்திருக்கவில்லை.