காலிப் பக்கத்தில் கையெழுத்து

செப்டம்பர் 27, ஞாயிறு

மூட்டம். துவைத்த துணி ஒன்றும் காயவில்லை.

கோயிலிலிருந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பஞ்சாயத்து கிளார்க் தீர்மானப் புத்தகத்தோடு வாசலில். "மெம்பரம்மா, ரெண்டாந்தேதி கிராம சபைக்குக் கையெழுத்து." எப்போதும் இப்படித்தான். கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாக வாங்கிவிடுவார்கள். மேலே பக்கம் காலி, அடியில் கையெழுத்து. தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்வார்கள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டேன். ஸ்டெல்லா, பி.ஏ. அந்த பி.ஏ.வை மட்டும் விடவே மாட்டேன்.

வாங்க: புளி, சொட்டு நீலம், சின்னவளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

செப்டம்பர் 29, செவ்வாய்

நல்ல வெயில். குறுவை அறுப்பு மும்முரம். களத்தில் கதிரடிக்கிற சத்தம் அடுப்படி வரை.

பத்து மணிக்கு அஞ்சலை. என் வார்டுதான், கூலிக்கு அறுக்கப் போகிறவள். அரிவாள் கையிலேயே இருந்தது.

"களத்தைக் கல்யாண மண்டபம் கட்டக் குடுத்தாச்சாமே. நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்களாம்."

"யாரு சொன்னா?"

"கிளார்க்குதான். எங்க தெருவுக்கு ரேகை வாங்க வந்தாரு. முதல்ல எழுதிக்கிட்டு வாங்க, படிச்சுக் காட்டுங்க, அப்புறந்தான் விரல்னு சொல்லிட்டோம். எங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே, வேற என்ன செய்றது? இன்னிக்கு எழுதிக்கிட்டு வந்து படிச்சாரு. பாத்தா எங்க களம்."

தூக்கிவாரிப்போட்டது. செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினேன். உண்மைதான். எல்லா மெம்பர் கையெழுத்துக்கும் மேலே, பொடிப்பொடியாக ஒரு தீர்மானம். சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சங்கம் மண்டபம் கட்டித் தருகிறது, பொதுக்களத்தை ஒதுக்குவது என்று.

தலைவர் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். "ஊரைக் கூட்டி ஆளாளுக்குக் கேட்டா ஒரு மதகு கட்ட முடியாதும்மா. அதுக்குத்தான நம்மள தேர்ந்தெடுத்திருக்காங்க? படிச்சவங்க, நீங்களே இப்படிப் பேசலாமா?"

பி.ஏ. பரீட்சையில் இதையே நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். நேரடி ஜனநாயகம் சின்ன ஊர்களுக்குத்தான் சரி, மற்றதற்குப் பிரதிநிதிகள் வேண்டும் என்று. இது எந்த ஊராம்? அமெரிக்காவா?

செப்டம்பர் 30, புதன்

வீட்டுக்காரரிடமிருந்து சிங்கப்பூர் போன். எஸ்.டி.டி. பூத்தில் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டு.

"நல்ல விஷயந்தான ஸ்டெல்லா? நம்ம பொண்ணு கல்யாணத்துக்கே நீடாமங்கலம் போய் மண்டபம் தேடணுமா?"

"அடிச்ச நெல்ல எங்கங்க காயப்போடுவாங்க?"

"ரோட்லதான்."

"பஸ்ஸு போற ரோட்லயா? உங்க சங்கத்துல ஒருத்தராவது களத்துல இறங்கி நெல்லு தூத்தியிருக்கீங்களா?"

போன் கட். அவர் வைத்தாரா, லைன் போனதா, தெரியவில்லை. பூத்துக்காரர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாள் பூராவும் மனசு ஆறவில்லை. படித்தவள், ஏமாற மாட்டாள் என்றுதானே எனக்கு ஓட்டுப் போட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்த நான் மீன் நாத்தத்தோடு கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது. தலைவலி. இரண்டு தடவை காபி.

அக்டோபர் 2, வெள்ளி

அப்பாடா!

பள்ளிக்கூட ஷெட்டில் கூட்டம். அறுப்பை விட்டுவிட்டு அஞ்சலை தெருவே வந்திருந்தது. முதல் முக்கால் மணி நேரம் தெருவிளக்குச் சண்டை. யார் வீட்டு வாசலில் கம்பம் என்று. ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, பார்த்தீங்களா என்கிற மாதிரி. அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு என்று அப்போது தோன்றியது. மறைப்பானேன்.

பிறகு களம். கிளார்க் கடகடவென்று படித்து, "நிறைவேறியது" என்று முடிக்கப் பார்த்தார். எழுந்தேன்.

"அதுல என் கையெழுத்து இருக்கு. காலிப் பக்கத்துல போட்டேன். என்ன எழுதப் போறீங்கன்னு கேக்கல. தப்பு என்னுது. களத்தைக் குடுக்கச் சொல்லி என் வார்டுல ஒருத்தரும் என்கிட்ட சொல்லல."

பின்னாலிருந்து ஒரு குரல்: "பி.ஏ. படிச்சிட்டு இப்படியாம்மா?" ஒரே சிரிப்பு. காது மடல் எரிந்தது. எரியட்டும்.

இன்னும் இரண்டு மெம்பர்கள் மெதுவாக எழுந்து, "நாங்களும் காலிப் பக்கத்துலதான்" என்றார்கள். களத்தைக் கொடுக்க வேண்டாம் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார் தலைவர். பெண்கள் பக்கம் முழுக்கக் கை. சேறு காயாத கை. ஆண்கள் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்து, "சரி, ஊரு சொல்லிடுச்சு. அடிச்சு எழுதுய்யா" என்றார். மனுஷன் மோசமில்லை.

களம் களமாகவே இருக்கும் என்று புதுத் தீர்மானம். கிளார்க் புத்தகத்தை மூடப்போக, அஞ்சலை விடவில்லை. "இன்னொரு தடவ படிங்க சார்." படித்தார். "மெதுவா." மறுபடி படித்தார். அதற்கப்புறம்தான் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்தி சமாளித்தேன்.

அக்டோபர் 3, சனி

தூறல். புளி வாங்கியாயிற்று.

பதினொரு மணிக்குப் பூத்திலிருந்து ஆள். அவர் போன். செய்தி அங்கே அதற்குள் போய்விட்டிருக்கிறது.

"ஊரு முன்னாடி எல்லாரும் சிரிச்சாங்களாமே?"

"ஆமா, சிரிச்சாங்க."

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு நாளா சோறு இறங்கல. நேத்துதான் வயிறார சாப்பிட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார். "சங்கத்துல நாங்க பதினோரு பேரு ஸ்டெல்லா. மண்டபம் கட்டித் தர்றோம்னு பஞ்சாயத்துக்கு அனுப்புன லெட்டர்ல எல்லாரும் கையெழுத்து போட்டோம். நானும் படிக்கல."